அவள் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும்

வணக்கம் சார். என் மகளுக்கு நாலு வயது. மாண்டிசோரி பள்ளியில் சேர்த்து ஆறு மாதமாகிறது. தண்ணீர் ஊற்றினேன், பாய் சுருட்டினேன் என்றுதான் தினமும் வந்து சொல்கிறாள். எதிர்வீட்டுப் பையன் நூறு வரை எழுதுகிறான். வீட்டில் நாங்கள் 'சூப்பர்' என்று கைதட்டுகிறோம். அங்கே டீச்சர் பாராட்டுவதே இல்லை. ஃபீஸும் அதிகம். பள்ளியை மாற்றிவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஃபீஸ் உங்கள் வீட்டுக் கணக்கு. எதிர்வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள், பாவம். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக மரியா மாண்டிசோரி முதல் வகுப்பைத் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னார் மாண்டிசோரி. அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல்! முடித்ததும் தூங்கி எழுந்தவள் போலத் தெளிவாக இருந்தாளாம்.

அவளுக்கு யார் கைதட்டினார்கள்? உருளை தப்பான குழியில் போனால் கடைசியில் ஒன்று இடமில்லாமல் நிற்கும். தப்பை அந்தக் கட்டையே சொல்லிவிடும். உங்கள் மகள் தண்ணீர் ஊற்றும் கூஜாவும் அப்படித்தான். சிந்தினால் தெரியும், துடைக்கத் துணி பக்கத்திலேயே இருக்கும்.

என் பெரியம்மா மாண்டிசோரி டீச்சர். 1939இல் மாண்டிசோரி அம்மையாரே அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வார். பெரியம்மாவின் வகுப்பில் ஒரு நாள் ஒரு பையன் இளஞ்சிவப்புக் கோபுரம் அடுக்கிக்கொண்டிருந்தான். பத்து சென்டிமீட்டர் கட்டையில் தொடங்கி ஒரு சென்டிமீட்டர் வரை பத்துக் கட்டைகள். பார்க்க வந்த ஒருவர் 'அடடா, வெரிகுட்' என்றார். அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொரு கட்டையை வைத்ததும் அவன் அந்த ஆளின் முகத்தையே பார்த்தான். பாதியில் எழுந்து போய்விட்டான். பெரியம்மாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் வீட்டில் செய்வதும் அதுதான், அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை தன் வேலையைப் பார்க்கிறாள், நீங்கள் அவளை உங்கள் முகத்தைப் பார்க்க வைக்கிறீர்கள். அன்பால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் செய்யாதீர்கள். முடித்துவிட்டு அவளாக ஓடிவந்து காட்டினால் கட்டிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? நடுவில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். வீடியோவும் எடுக்காதீர்கள்.

எழுத்து வரும். கூஜா பிடிக்கும் விரல்கள்தான் நாளைக்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைத் தடவும், பிறகு பென்சில் பிடிக்கும். பள்ளியை மாற்றுவதானால், அதற்கு முன் அனுமதி கேட்டு ஒரு காலை முழுக்க அந்த வகுப்பின் மூலையில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.