மெமரி இன்டெக்ரிட்டியும் பழைய டிரைவர்களும்: கேள்வி பதில்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு சுவிட்சை இயக்கப் போனால், பழைய ஸ்கேனரைக் காட்டி ‘பொருந்தாத டிரைவர்’ என்று மறுக்கிறது. அந்த ஸ்கேனரையே எடைக்குப் போட்டுவிட்டேனே?

ஸ்கேனர் போனாலும் அதன் டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், விண்டோஸுக்குள் தங்கியிருக்கும். டிவைஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் பொருந்தாத டிரைவர்களின் பட்டியல் உண்டு. டிரைவரின் பெயரைச் சொடுக்கினால் ‘ஓஇஎம்’ என்று தொடங்கி ஓர் எண்ணுடன் வரும் ஐஎன்எஃப் (டிரைவரின் நிறுவல் கோப்பு) பெயர் தெரியும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில், பிசகினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, டிரைவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் விண்டோஸில் உள்ள பிஎன்பியூட்டில் கட்டளையால் அந்தப் பெயரை மட்டும் நீக்குங்கள். ஓர் எண் பிசகினால் வேறு டிரைவர் போய்விடும். சிஸ்டம்32-க்குள் நுழைந்து கோப்பைக் கையால் அழிக்கவே கூடாது.

பணகுடியில் காற்றாலைப் பராமரிப்பு வேலை. புது லேப்டாப்பில் யுஎஸ்பி-சீரியல் கேபிள் உயிர் பெறவில்லை. பழைய லேப்டாப்பில் ஓடியது.

விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்ட, தகுதியுள்ள கணினிகளில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற இந்தக் காவல் தானாகவே இயங்கும். நினைவகத்தின் ஒரே பக்கத்தில் எழுதவும், எழுதியதை விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓட்டவும் அது விடாது. பழைய டிரைவர்கள் பல அந்த இரண்டு உரிமைகளையும் சேர்த்தே கேட்கும்படி எழுதப்பட்டவை. டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள்: 0403 என்றால் எஃப்டிடிஐ சில்லு, 067பி என்றால் புரோலிஃபிக். சில்லு செய்தவர்களின் தளத்திலிருந்தே புதிய டிரைவரை எடுங்கள். கேபிளோடு வந்த சிடி வேண்டாம். போலிச் சில்லாக இருந்தால் புது டிரைவர் ஏற்காமல் போகலாம். அப்போது கேபிளை மாற்றுங்கள்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் போடலாமா?

வேண்டாம்.

மேலப்பாளையத்தில் கணினி பழுது பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கு மெமரி இன்டெக்ரிட்டி சுவிட்சை அணைத்தே கொடுக்கிறேன். டிஜிட்டல் கையொப்பமிட்ட டிரைவர்தானே, என்ன கெட்டுப்போகும்?

கையொப்பத்தை நம்பித்தான் ஏமாறுகிறோம், தம்பி. 2022-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிளாக்பைட் என்ற பணயக் கும்பல் ஆர்டிகோர்64 என்ற டிரைவரைத் தன்னோடு கொண்டு வந்தது. முறையான கையொப்பம் உள்ள டிரைவர்தான். ஆனால் அதிலுள்ள ஓட்டை 2019-லேயே பதிவானது. அதன் வழியாகக் கெர்னலுக்குள் போய்ப் பாதுகாப்பு மென்பொருள்களை முடக்கினார்கள். இப்படிப்பட்ட டிரைவர்களின் தடைப்பட்டியல், நீங்கள் அணைக்கும் இந்தக் காவல் இயங்கும்போது கட்டாயம் அமலாகும்.

சரி அண்ணாச்சி. பழைய கணினி மெதுவாகிறதே, அதற்கு?

அது உண்மை, மறுக்கவில்லை. இன்டெல் ஏழாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டி ஜென் 2-இலிருந்தும் இதற்கான வசதி பிராசசரிலேயே இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் விண்டோஸ் அந்த வேலையை மென்பொருளால் செய்வதால் சுமை கூடும். ஆனால் முடிவு வாடிக்கையாளருடையது. அவரிடம் கேட்காமல் அணைப்பது, பூட்டுச் சரிசெய்யக் கொடுத்தவரின் கதவைத் திறந்துபோட்டு வருவது போன்றது. இதைச் செய்யாதீர்கள்.

அலுவலகக் கணினியில் அந்த சுவிட்ச் மங்கலாக, சொடுக்க முடியாமல் இருக்கிறது.

உங்கள் அலுவலக நிர்வாகி கொள்கையாக வைத்திருப்பார். அவரிடம் கேளுங்கள்.

வள்ளியூரிலிருந்து. பிரிண்டருக்காக மெமரி இன்டெக்ரிட்டியை ஒரு நாள் மட்டும் அணைக்கலாமா?

இதே கேள்வி இன்று நான்காவது முறை. அந்த ஒரு நாளில் ஏறும் பழைய டிரைவர்தான் மறுநாள் சுவிட்சைப் போட விடாது. பிரிண்டரின் மாடலையும் அந்த ஐஎன்எஃப் பெயரையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.