கீமோவுக்குப் பிறகு வாய் முழுக்கப் புண். அம்மாவால் சாப்பிட முடியவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். வாயின் உட்தோலும் அப்படிப்பட்டதுதான். அதனால் மருந்து ஏறிய 5 முதல் 10 நாட்களுக்குள் புண் கிளம்பும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

அடிப்படை வைத்தியம் கொப்பளிப்பதுதான். ஒரு டம்ளர் (250 மி.லி.) வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடா, அதில் பாதியளவு உப்பு. பேக்கிங் பவுடர் வேண்டாம், அது வேறு பொருள். சாப்பிட்ட பின்பும், விழித்திருக்கும்போது 3 மணி நேரத்துக்கு ஒருமுறையும் கொப்பளித்துத் துப்பவேண்டும். உப்பு கூடினால் எரியும். எரிந்தால் விட்டுவிடுவார்கள், அங்கேதான் கெடுகிறது. கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணைக் காயவைத்து மோசமாக்கும்.

வலி தாங்காவிட்டால் மருத்துவர் வாயை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் திரவம் தருவார். மரத்துப்போன வாயோடு உடனே சாப்பிட்டால் புரையேறலாம், கன்னத்தையும் கடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுத்து, ஆறிய குழைந்த சாதம், இட்லி, கஞ்சி கொடுங்கள். காரம், புளி, முறுக்கு கூடாது.

5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது, 5 நிமிடம் முன்பே தொடங்கி 30 நிமிடம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் புண் குறையும். கூடவே ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் இருந்தால் இது வேண்டாம்; குளிர் பட்டாலே தொண்டை இறுகும்.

வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.