ட்ரெட்மில் வாங்கட்டுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எனக்கு வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 8 வரை நாற்காலிதான். சென்ற மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6.1. மாத்திரை இப்போது வேண்டாம், உடற்பயிற்சியைத் தொடங்குங்கள் என்றார் மருத்துவர். ரத்த அழுத்தமும் ஈசிஜியும் சரியாக இருக்கின்றன.

குடியிருப்பது மூன்றாவது மாடி அடுக்ககம். எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. விடியற்காலையில் நாய்கள், ஏழு மணிக்கு மேல் லாரிகள். அதனால் ட்ரெட்மில் வாங்க எண்ணம். 40,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். 38,000க்கு ‘4 எச்.பி.’ (குதிரைத்திறன்) மோட்டார் என்று ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். என் மைத்துனர் நான்கு வருடம் முன் வாங்கி, இப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் ட்ரெட்மில்லை 12,000க்குத் தருகிறேன் என்கிறார். என் மனைவிக்கு மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. அவரும் அதிலேயே நடக்கலாமே என்று பார்க்கிறேன். நண்பர்கள் ஜிம்மில் சேரச் சொல்கிறார்கள். எது சரி?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

இப்போது வாங்க வேண்டாம். ஆறு வாரம் கழித்துப் பாருங்கள்.

ட்ரெட்மில் உங்களுக்குத் தரப்போவது ஒரு சாலை மட்டும். நாய், லாரி, மழை இல்லாத சாலை. அதில் தினமும் ஏறி நிற்கும் பழக்கத்தை அது தராது. இங்கிலாந்தில் 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் ட்ரெட்மில்லை வடிவமைத்ததே சிறைக் கைதிகளுக்காகத்தான். முடிவில்லாத படிக்கட்டுபோல் சுழலும் மிதிசக்கரம் அது. சுவரைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் ஒரே இடத்தில் நடப்பது இன்றும் பலருக்குத் தண்டனையாகத்தான் இருக்கிறது. நீங்கள் அந்த ரகமா என்பது 38,000 ரூபாய் கட்டுவதற்கு முன் தெரிந்துவிட்டால் நல்லது.

எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இதே கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் குறைந்தது அரைமணி வேக நடை, கூடவே உணவில் மாற்றம். மூன்றாண்டு முடிவில், வெறும் பொது ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் சர்க்கரை நோயாளி ஆகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையாமலேயே. எடை மெஷின் முள் அசையவில்லை என்று மூன்றாம் வாரம் மனம் தளரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாலைக்கு உங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடி இருக்கிறதே. ஓரத்திலிருந்து ஓரம் 12 மீட்டர் என்றால் போய்வர 24 மீட்டர், 42 முறை போய்வந்தால் ஒரு கிலோமீட்டர். வேகத்துக்குக் கருவி வேண்டாம், நிமிடத்துக்கு 100 காலடி வைத்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ‘எட்டு’ போட்டு நடக்கும் பழக்கத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதுவும் நடைதான், கெடுதல் இல்லை. ஆனால் சின்ன எட்டில் திரும்பிக்கொண்டே இருப்பதால் வேகம் எடுக்க முடியாது, முழங்காலும் திருகப்படும். உங்களுக்கு நேர்க்கோடு நல்லது. அரைமணியை ஒரே மூச்சாக நடக்க வேண்டுமென்பதும் இல்லை. காலை உணவுக்குப் பின் 10 நிமிடம், மதியம் அலுவலக வளாகத்திலேயே 10, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 என்று பிரித்தால் சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரைக்கு அது நேரடி மருந்து.

கலோரிக் கணக்கில் மட்டும் ஏமாறாதீர்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 84 கிலோ எடையுள்ளவர் அரைமணி நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி. ஒரு மெதுவடைக்குச் சரியாகப் போய்விடும். ட்ரெட்மில் திரை இதைக் கூட்டிச் சொல்வது வழக்கம். முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உண்மையான செலவு இன்னும் குறையும், திரைக்கு அது தெரியாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு நிற்பதில்லை, வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. நாம் சாப்பிடும் சோற்றின் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பதினொரு மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்குத் தொடையும் பிட்டமும்தான் முதலில் சுருங்கும். இதற்கு ட்ரெட்மில் உதவாது. உங்கள் பணத்தில் முதல் பகுதி இங்கே போகட்டும்.

வாங்க வேண்டியது ஒரு ஜோடி அட்ஜஸ்டபிள் டம்பெல், ஒரு பாய், நல்ல ஷூ. டம்பெல் பிளேட் இரும்பில் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் அடைத்த பிளேட் மலிவு, ஆனால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டுத் தூளாகக் கொட்டும். எடைக்கு உருவம் பெரிதாக இருப்பதால் தொடையிலும் இடிக்கும். ஒவ்வொரு ராடுக்கும் 2.5 கிலோவில் இரண்டு, 1.25 கிலோவில் இரண்டு கேளுங்கள். ராடோடு சேர்த்து ஒரு கைக்கு ஏறத்தாழ 9 கிலோ வரும். எல்லாவற்றையும் ஒரே ராடில் மாட்டினால் 16 கிலோவைத் தாண்டும், ஒரு வருடத்துக்குப் போதும். 1.25 பிளேட் இல்லாத செட் வேண்டாம். ஒரே தாவலில் 5 கிலோ ஏற்ற வேண்டியிருக்கும், தோள்தான் அதற்கு விலை கொடுக்கும். ராடின் முனையில் உள்ள நட்டை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கையால் இறுக்குங்கள். தூக்கி இறக்கும்போது பிளேட் சுழன்று நட்டைத் தானே கழற்றிவிடும்.

புதனும் ஞாயிறும் 25 நிமிடம். டம்பெல்லை மார்போடு அணைத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடை விளிம்பில் கையூன்றித் தண்டால், ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து மறு கையால் டம்பெல்லை இடுப்புவரை இழுப்பது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று சுற்றிலும் 12 எட்டிவிட்டால் எடையைக் கூட்டுங்கள், தண்டாலுக்கு மேடையை விட்டு அதைவிடத் தாழ்ந்த கட்டிலுக்கு இறங்குங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். கர்லாக்கட்டை, பஸ்கி எல்லாம் இப்போது மீண்டும் பேசப்படுகின்றன. நல்லவைதான். ஆனால் தோளும் முழங்காலும் பழகாத 46 வயதில் கட்டை சுற்றுவதைக் காணொளி பார்த்துத் தொடங்காதீர்கள்.

மனைவிக்கு ட்ரெட்மில் வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்கட்டும். அவர்கள் தடை சொல்லாவிட்டால் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பொருத்தம், ஏனென்றால் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும். காந்தத் தடை உள்ளதாகக் கேளுங்கள். நாடாவோ ஃபெல்ட் துண்டோ சக்கரத்தை உரசும் மலிவு ரகம் சில மாதத்தில் கிரீச்சிட ஆரம்பிக்கும், தடையும் ஒரே சீராக இருக்காது. 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் தேறும். அதைவிட முக்கியம் இருக்கை உயரம். மிதிகட்டை கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் சிப்பியில் அழுத்தம் கூடி இருக்கிற வலியும் அதிகமாகும். வீட்டிலேயே பூட்டும்போது இன்னொன்று: இடது மிதிகட்டைக்கு மரை தலைகீழ், இடமாகத் திருகினால்தான் இறுகும். வலது என்று நினைத்துப் பலவந்தமாகத் திருகி, மரை தேய்ந்து, மூன்றாம் நாளே மிதிகட்டை கழன்று விழுந்த சைக்கிள்கள் நிறைய. எல், ஆர் என்று பொறித்திருக்கும், பாருங்கள்.

இனி அந்த ‘4 எச்.பி.’ விஷயம். ஒரு எச்.பி. என்பது 746 வாட். நாலுக்குக் கிட்டத்தட்ட 3,000 வாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். டப்பாவில் 4 எச்.பி. என்று போட்டு, வயரின் முனையில் மிக்சிக்கு வருகிற 6 ஆம்பியர் பிளக் இருந்தால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று உங்களுக்கே விளங்கும். அது கணநேர உச்சம். மோட்டார் இடைவிடாமல் தரும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் எடைக்கு, நடைக்கு மட்டும் என்றால், 2 எச்.பி. வேண்டும். சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் போட்டிருக்கும், அதையும் பாருங்கள். தாங்கும் எடை 110 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒல்லியானவர் ஓடுவதைவிடக் கனமானவர் மெதுவாக நடப்பதுதான் மோட்டாருக்குச் சுமை. காலடி பெல்ட்டைப் பலகையோடு அதிக நேரம் அழுத்துகிறது, மெதுவாகச் சுழலும் மோட்டாரின் விசிறிக்கும் காற்று போதாது.

வீட்டு ட்ரெட்மில் பெரும்பாலும் சாவது எண்ணெய் இல்லாமல்தான். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே காய்ந்துபோனால் உராய்வு கூடும், மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோல் போர்டு கருகும். விளம்பரத்தில் மோட்டாருக்கு ஆயுள் வாரண்டி என்று பெரிய எழுத்தில் இருக்கும், போர்டுக்கு எத்தனை வருடம் என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். தினமும் ஓடினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே 15 முதல் 20 மி.லி. சுத்தமான சிலிகான் ஆயில் விட்டு, ஆள் ஏறாமல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கூடாது, தூசியோடு பிசினாகிவிடும். எண்ணெயே விடக் கூடாத மெழுகுப் பலகைகளும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் பின்பக்க வலது போல்ட்டை ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் வலமாகத் திருகி, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் ரோலர் பேரிங் போகும். 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் கட்டாயம். பின்புறம் இரண்டு மீட்டர் காலி இடம் விடுங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி வைத்த ட்ரெட்மில், சறுக்கி விழுந்தவரைச் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்க வைத்துவிடும். உருவினால் பெல்ட்டை நிறுத்தும் சிவப்புச் சேஃப்டி கீயைச் சட்டையில் மாட்டுங்கள், முடிந்ததும் கழற்றி எடுத்து வையுங்கள்.

ஜிம் மோசமில்லை. எடைப் பயிற்சியைச் சொல்லித்தர ஆள் இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்கு அதுவே சிறந்தது. ஆனால் வருடச் சந்தா கட்டாதீர்கள். இரவு எட்டரைக்கு மேல், வீடு திரும்பும் வழியிலேயே இருந்தால் மட்டும் யோசியுங்கள். எதிர்ப்பக்கம் மூன்று கிலோமீட்டர் என்றால் போக மாட்டீர்கள். அதிரும் இடுப்பு பெல்ட், வியர்க்க வைக்கும் பெல்ட் இரண்டும் வெறும் காசு விரயம்.

ஆறு வாரத்தில், வாரம் ஐந்து நாள் என்று 30 நாளில் 25 நாளாவது மாடியில் நடந்திருந்து, மழையோ நேரமோதான் தடை என்று தெரிந்தால், ட்ரெட்மில்லைப் பற்றிப் பேசலாம். அப்போது மைத்துனர் வீட்டுக்குப் போங்கள். ஆள் ஏறாமல் ஓட்டிக் காட்டினால் எந்த மோட்டாரும் ஓடும். நீங்களே ஏறி 3 கி.மீ. வேகத்திலும் 6 கி.மீ. வேகத்திலும் பத்துப் பத்து நிமிடம் நடங்கள். காலை ஊன்றும்போது பெல்ட் ஒரு கணம் தயங்குகிறதா, கருகல் வாடை வருகிறதா, திரையில் எழுத்தும் எண்ணுமாகப் பிழைக் குறி எதுவும் மின்னுகிறதா என்று கவனியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். பலகையின் வழுவழுப்புப் போய்ப் பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். மோட்டார் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நான்கு வருடம் சும்மா நின்றது என்றால் எலி கடித்த வயரைப் பார்க்க வாய்ப்பு அதிகம். அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்குமா, என்ன விலை என்று திருப்பூரிலோ கோவையிலோ ஒரு மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டு, 12,000-லிருந்து கழித்துப் பேசுங்கள்.

எல்லாம் தேறினாலும் உடனே பணம் கொடுக்க வேண்டாம். உறவுதானே, இரண்டு மாதம் இரவல் கேளுங்கள். அவர் வீட்டில் கொடிக்கயிறு கட்டும் செலவு உங்களுடையது.