எல்லை தாண்டினால் விதி மாறுவது ஏன்?

கேள்வி: நகரத்தில் இருந்தவரை காகிதம், பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே மறுசுழற்சித் தொட்டியில்தான் போட்டு வந்தோம். அருகிலேயே உள்ள புறநகருக்குக் குடிவந்த முதல் வாரத்தில், இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் கிடந்தன என்பதற்காகத் தொட்டியையே எடுக்காமல் விட்டுப் போய்விட்டார்கள். பொருள் ஒன்றாக இருக்க, விதி ஏன் மாறுகிறது? அடியில் முக்கோணக் குறி உள்ள பிளாஸ்டிக்கையாவது தயங்காமல் போடலாமா?

பதில்: உங்கள் மனத்தாங்கல் நியாயமானதே. ஆனால் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அதிகாரிகளின் பிடிவாதம் அன்று. குப்பை சேகரிப்பு அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பாக இருப்பதால், அது எந்தத் தரம்பிரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறதோ, அந்த நிலையத்து இயந்திரங்கள் எதைப் பிரிக்க வல்லவையோ, பிரித்ததை வாங்க எந்த ஆலை முன்வருகிறதோ, அவற்றைப் பொறுத்தே உங்கள் வீட்டுக்கு வரும் பட்டியல் அமைகிறது.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். லாரியில் அழுத்தும்போதே பாட்டில் நொறுங்கி, அதன் சில்லுகள் செய்தித்தாளிலும் அட்டையிலும் பொதிந்துவிடுகின்றன. அந்தக் காகிதக் கட்டுகளை வாங்கும் ஆலையில், கூழாக்கும் கருவிகளைத் தேய்த்துக் கெடுப்பவை இந்தச் சில்லுகளே. கண்ணாடியோ எடை மிகுந்தது, விலை குறைந்தது. வீடுகள் நெருங்கியிருக்கும் நகரத்தில் சில தெருக்களிலேயே லாரி நிறைந்துவிடும். வீடுகள் தள்ளித்தள்ளி அமைந்த புறநகரில் அதே எடைக்கு அது நெடுந்தூரம் ஓட வேண்டியிருப்பதால், கண்ணாடியைப் பொது இடத்தில் தனித்தொட்டி வைத்துச் சேகரிப்பதே சில ஊர்களுக்குக் கட்டுப்படியாகிறது. நகரம் மறுப்பதைப் புறநகர் ஏற்பதும் உண்டு.

ஒப்பந்தத்தின் காலமும் முக்கியம். 2018-இல் சீனா, வீடுகளில் பயன்படுத்திக் கழித்த பிளாஸ்டிக்கையும் தரம்பிரிக்காத காகிதத்தையும் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. தொடர்ந்து ஏற்ற கழிவுகள் பலவற்றில் வேற்றுப்பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பிட்டது. அதன் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பித்த ஊரின் பட்டியலும், பழைய ஒப்பந்தத்திலேயே தொடரும் பக்கத்து ஊரின் பட்டியலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முக்கோணக் குறியை மட்டும் நம்பிப் போட வேண்டாம். 1988-இல் அறிமுகமான அந்த 1 முதல் 7 வரையிலான எண்கள் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கின்றன. உங்கள் ஊர் அதை எடுத்துக்கொள்ளும் என்று அவை உறுதி தருவதில்லை. எண் சரியாக இருந்தாலும், கரிநிறமி சேர்த்த கருப்புத் தட்டை அகச்சிவப்புக் கதிரால் பிரிக்கும் கருவிகள் பலவற்றால் அடையாளம் காண முடியாது. மெல்லிய பிளாஸ்டிக் பைகளையோ பெரும்பாலான நிலையங்கள் ஏற்பதில்லை. அவை சுழலும் தண்டுகளில் கயிறுபோல் சுற்றிக்கொள்வதால், இயந்திரத்தை நிறுத்தி, ஊழியர்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களை எண்ணியாவது, சந்தேகமான பொருளை மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். நகரத்துப் பழைய பட்டியலைச் சமையலறைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, புதிய ஊரின் நடப்பாண்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். கண்ணாடிக்கான தனித்தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.