முகம் வராத ஓவியரா?

கேள்வி: ஜெர்மன் இயற்கைக் காட்சி ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் படங்களில் ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறார்கள். முகம் வரைய வராதவரை எதற்கு மேதை என்கிறீர்கள்?

பதில்: வராது என்று யார் சொன்னது? 1810 வாக்கில் கறுப்புச் சாக்குக்கட்டியால் அவர் தன்னையே வரைந்த படம் பெர்லினில் இருக்கிறது. அந்தக் கிருதாவையும் ஆளைத் துளைக்கும் கண்களையும் பார்த்தவர் இப்படிக் கேட்க மாட்டார். கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் 1794 முதல் 1798 வரை முறையாகப் படித்தவர் அவர்.

முகத்தை அவர் வேண்டாமென்றே விட்டார். 1822இல் வரைந்த 'ஜன்னலோரப் பெண்' அவருடைய மனைவி கரோலினாதான் என்கிறார்கள். தினமும் பார்க்கும் முகம்; அதையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நம் கண் அந்த முகத்திலேயே நின்றிருக்கும். இப்போது அவள் பார்க்கும் பக்கமாக, ஜன்னலுக்கு வெளியே போகிறது.

எதை விடுவது என்பதில் அவருக்கு இருந்த துணிச்சல் அசாத்தியமானது. 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த 'கடலோரத் துறவி'யைப் பாருங்கள். கீழே கொஞ்சம் மணல், அதற்கு மேல் கறுத்த கடல், விரலளவு ஒரு துறவி. மற்றதெல்லாம் வானம். பிற்காலத்தில் அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, முதலில் அதில் கப்பல்களும் இருந்தது தெரிந்தது. வரைந்த கப்பல்களை அவரே எடுத்துவிட்டார்! கடல் ஓவியம் என்றால் கப்பல் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. நல்லவேளை, பிரஷ்ய மன்னர் அதை வாங்கினார்.

துருவக் கடலின் பனிப்பாளங்களைக் காட்டும் 'பனிக் கடல்' படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃப்ரீட்ரிக்குக்குப் பதின்மூன்று வயதானபோது தம்பி பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் மூழ்கி இறந்தான். அந்தச் சோகத்தையும் இந்தப் படத்தையும் முடிச்சுப் போடுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. துருவப் பக்கமே போகாத மனிதர், எல்பே நதியில் மிதந்து வந்த பனிப்பாளங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய உழைப்பை அந்தக் கதை மறைத்துவிடுகிறது. 1824இல் முடித்த படம், 1840இல் அவர் வறுமையில் இறக்கும்வரை விற்கவே இல்லை.

அப்புறம் அதை வாங்கியவர், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த நார்வே ஓவியர் டால். சொந்த நாடு மறந்துபோன ஃப்ரீட்ரிக்கைப் பற்றி மறுபடி எழுதத் தொடங்கியவரும் ஒரு நார்வேக்காரர்தான்: கலை வரலாற்றாசிரியர் ஆந்திரியாஸ் ஆபெர்ட். ஜெர்மானியர்கள் 1906 பெர்லின் கண்காட்சியில்தான் கண் திறந்தார்கள்.