குப்பியில் வரும் செடி ஹிஸ்டோன்: கேள்வி பதில்

செல்லுக்குள் டிஎன்ஏவைச் சுற்றி அடுக்கி வைக்கும் புரதங்கள் ஹிஸ்டோன்கள்; ஹெச்1, ஹெச்3, ஹெச்4 எல்லாம் அவற்றின் வகைகள். செடியின் மரபணுவைச் சேர்த்து பாக்டீரியாவில் தயாரித்து விற்கும் மறுசேர்க்கைச் செடி ஹிஸ்டோன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தொண்டி ஆய்வு மாணவி: அண்ணா, வாலிநோக்கம் உப்பளத்து ஓரம் பறித்த உமரியில் ஹிஸ்டோன் குறிகளை, அதாவது ஹிஸ்டோனில் ஒட்டும் சின்ன வேதித் தொகுதிகளை, பார்க்கிறேன். ஹெச்3-இன் 4ஆம் இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் இருந்தால் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டேன். உமரியில் பட்டை (ஆன்டிபாடி பிடித்ததைக் காட்டும் கோடு) வந்தது. காசு கொடுத்து வாங்கிய அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் சிறு செடி) ஹெச்3-இல் ஒன்றுமே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லைம்மா, வராததுதான் சரி. அந்தப் புரதம் இ.கோலை என்ற பாக்டீரியாவில் விளைந்தது. அமினோ அமில வரிசை செடியுடையது. ஆனால் செடி தன் ஹிஸ்டோனில் ஒட்டும் மெத்தில், அசிட்டைல் குறிகள் அங்கே ஏறுவதில்லை. அந்த வெறுமைக்காகத்தான் அதை வாங்குகிறோம். ஒரு நொதியைச் சேர்த்த பிறகு மெத்தில் தெரிந்தால், ஒட்டியது அந்த நொதிதான் என்று துணிந்து சொல்லலாம். உன் ஜெல்லில் அது நல்ல எதிர்க் கட்டுப்பாடு: குறி இல்லாத ஹெச்3-ஐ உன் ஆன்டிபாடி பிடிக்கவில்லை. சந்தேகம் தீர, குறி எதையும் பாராமல் ஹெச்3-ஐப் பிடிக்கும் பொது ஆன்டிபாடியை, ஜெல்லிலிருந்து புரதத்தை மாற்றிய அதே சவ்வில் போட்டுப் பார். 15 முதல் 17 கிலோடால்டன் எடைக்குள் பட்டை வரவேண்டும். அதுவும் வராவிட்டால் கம்பெனிக்கு எழுது.

அதே மாணவி: ஹெச்3-இலேயே ஹெச்3.1, ஹெச்3.3 என்று இரண்டு வகை விற்கிறார்கள். விலை குறைந்ததை வாங்கலாமா?

வாங்காதே. அரபிடாப்சிஸில் இரண்டுக்கும் வித்தியாசம் 31, 41, 87, 90 ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே. ஆனால் அந்த 31ஆம் இடமே போதும், சோதனையைக் கவிழ்க்க. ஹெச்3.1-இல் அங்கே அலனின், ஹெச்3.3-இல் திரியோனின். 27ஆம் லைசினில் ஒற்றை மெத்தில் ஒட்டும் ஏடிஎக்ஸ்ஆர்5 நொதிக்கு அந்தத் திரியோனின் இடைஞ்சல், ஹெச்3.1-ஐத்தான் அது ஏற்கும். தவறானதை வாங்கிவிட்டு நொதி செத்துப்போச்சு என்று தேடிக்கொண்டிருப்பாய். உன் நொதி எதை ஏற்கும் என்று முதலில் படி.

மண்டபம், பாசி ஆய்வாளர்: கஞ்சிப்பாசிக்குச் செடி ஹெச்3 ஆன்டிபாடி வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும், சார். ஹெச்3, ஹெச்4 போன்ற மைய ஹிஸ்டோன்கள் உயிருக்கு உயிர் அவ்வளவு மாறாதவை. பட்டாணியின் ஹெச்4-க்கும் கன்றுக்குட்டியின் ஹெச்4-க்கும் 102 அமினோ அமிலங்களில் இரண்டுதான் வேறு; 1969லேயே கண்டது. மைய ஹிஸ்டோன்களில் சேராத ஹெச்1-க்கு மட்டும் இந்த நம்பிக்கை வேண்டாம்.

ராமநாதபுரம், கல்லூரி ஆசிரியை: பொடியாக வந்த குப்பியைத் திறந்ததும் பிசுபிசுத்துவிட்டது.

நம் கடலோரக் காற்றுதான் காரணம், மேடம். மைனஸ் 20-இலிருந்து எடுத்ததும் மூடியைத் திறந்தால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரத்தில்) வைத்து, குப்பியின் வெளிப்புறம் வியர்ப்பது நின்றபின் திறங்கள். கரைத்ததைச் சிறு பங்குகளாக்கி மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்குவதும் உறையவைப்பதுமாக இருந்தால் வீணாகும். கரண்ட் போகிற ஊரில் எல்லாப் பங்கையும் ஒரே ஃப்ரீசரில் வைப்பது என்ன துணிச்சலோ!

யூரியாவில் கரைப்பதானால் அன்றைக்கே கலக்கிய கரைசல் வேண்டும், சூடாக்கக் கூடாது. நாள்பட்ட யூரியாவில் சயனேட் உருவாகி லைசின்களில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெறுமை ஏது?

ராமேஸ்வரம்: புரதத்தைச் சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனையில் அளவு கூடுதலாகக் காட்டுகிறது.

அந்தச் சாயம் ஆர்ஜினினை விரும்பும்; ஹிஸ்டோனில் அது ஏராளம். வழக்கமான ஒப்பீட்டுப் புரதமான பிஎஸ்ஏவோடு ஒப்பிட்டால் சரியான அளவு கிடைக்காது. 280 நானோமீட்டர் ஒளியில் அளப்பதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள், அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும் டிரிப்டோஃபேன் ஹெச்3-இல் இல்லை. அளவு தெரிந்த ஹிஸ்டோனைப் பக்கத்தில் ஓட்டி ஜெல்லில் ஒப்பிடுங்கள்.

திருப்புல்லாணி விவசாயி: தம்பி, இதை நெல்லுக்குத் தெளிச்சா உப்புத்தண்ணி தாங்குமா?

தாங்காதுண்ணே. தெளித்த புரதம் இலைக்குள்ளே போய் வேலை செய்யாது. மைக்ரோகிராம் கணக்கில் விற்கிற ஆய்வகச் சரக்கு இது. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வயல் மண்ணும் கிணற்றுத் தண்ணியும் கொஞ்சம் எடுத்துட்டுப் போய், எந்த ரகம் போடலாம்னு கேளுங்க.