டிரான்சிஸ்டர் கெட்டுப்போகவில்லை, பேஸ் மின்தடையைப் பாருங்கள்

உங்கள் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டில் 12 வோல்ட் சப்ளை. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் (கலெக்டர், பேஸ், எமிட்டர்) கலெக்டரில் 1 கிலோ ஓம் மின்தடை, பேஸுக்கு சப்ளையிலிருந்து நேராக 10 கிலோ ஓம். கலெக்டரில் 0.1 வோல்ட்தான் காட்டுகிறது, மூன்று பிசி547 டிரான்சிஸ்டர் மாற்றியும் அதேதான் என்கிறீர்கள். மூன்றுமே நல்லவைதான், குப்பையில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்!

கணக்கைப் பாருங்கள். பேஸ்-எமிட்டருக்கு 0.7 போக மீதி 11.3 வோல்ட், அதை 10 கிலோவால் வகுத்தால் 1.13 மில்லி ஆம்பியர். பீட்டா, அதாவது பேஸ் மின்னோட்டம் கலெக்டரில் எத்தனை மடங்காகிறது என்ற எண், 200 என்றால் கலெக்டரில் 226 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். ஆனால் 1 கிலோ வழியாக 12 மில்லி ஆம்பியருக்கு மேல் வரவே வராது. அதனால் டிரான்சிஸ்டர் முழுசாக ஆன் ஆகி, மூடிய சுவிட்ச் மாதிரி நிற்கிறது. இதைத்தான் பாடத்தில் சாச்சுரேஷன் என்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபயராக வேலை செய்ய கலெக்டரில் சுமார் 6 வோல்ட் நிற்க வேண்டும். பேஸில் 390 கிலோ போட்டால் கிட்டத்தட்ட வரும். ஆனால் பிசி547-இன் பீட்டா 110-இலிருந்து 800 வரை எப்படியும் இருக்கலாம். இன்று சரியாக வந்தது, நாளை வேறொன்றைச் செருகினால் அந்த 6 வோல்ட் நகர்ந்துவிடும்.

அதனால் சப்ளையை இரண்டு மின்தடைகளால் பிரித்து பேஸுக்குக் கொடுக்கும் வோல்டேஜ் டிவைடருக்கே போங்கள்: மேலே சப்ளை பக்கம் 10 கிலோ, கீழே கிரவுண்ட் பக்கம் 2.2 கிலோ, எமிட்டரில் 220 ஓம். கலெக்டரில் ஐந்தரை வோல்ட்டை ஒட்டி வரும்.

அப்புறம் ஒன்று. பிசி547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 என்ற டிரான்சிஸ்டரில் இது தலைகீழ். லேபில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், எடுக்கும்போது எண்ணைப் படித்துவிடுங்கள்.